பெரியவர்கள் பிரிவுக்குப் போகும் வழி

"அவங்களை உள்ள வரச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சொன்னபோது நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை. என் அக்கா மகளைத்தான் சொல்கிறார். போன மாதம் வரை எதிர்க் கட்டடத்தில், குழந்தைகள் பிரிவில், இவள் 'வாடா கண்ணு'. பதினெட்டு முடிந்ததும் ஒரு கடிதத்தைக் கையில் திணித்து இங்கே அனுப்பிவிட்டார்கள். சாலையைத் தாண்டியதும் 'அவங்க' ஆகிவிட்டாள்.

நான் குழாய் வேலை செய்கிறவன். அக்காவுக்கு எச்.ஐ.வி. இருந்தது, பிறக்கும்போதே இவளுக்கும் வந்துவிட்டது. அக்கா போனபோது இவளுக்கு நாலு வயது. அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு என் போன் அலறும். மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும் வரை எதிரே நிற்பேன். ஒரு நாள் தவறியதில்லை. போன வருஷம் ஒருமுறை, ரத்தத்தில் வைரஸ் ஏறியிருக்கிறது என்றார்கள். "முதல்ல உங்க மெஷினைப் பாருங்க" என்று சோதனைக்கூடத்தில் சத்தம் போட்டேன். அடுத்த சோதனையில் இறங்கிவிட்டது. பார்த்தீர்களா என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்.

இங்கே ஏழரைக்கே வந்தும் எந்த வரிசையில் நிற்பது என்றே புரியவில்லை. மூன்று ஜன்னல், ஒவ்வொன்றும் அடுத்த ஜன்னலைக் கை காட்டியது. ஒருவழியாக உள்ளே போனால் ஒரே ஒரு நாற்காலி. பழக்கதோஷத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மொதல்ல ரெண்டு வேளை சிரப்பு குடுத்தாங்க டாக்டர், அப்புறம்..."

"அவங்க சொல்லட்டும்."

நான் எழுந்துகொண்டேன். அவள் மாத்திரையின் பெயரைத் தடுமாறாமல் சொன்னாள். எனக்கு அது இன்றுவரை வாயில் நுழையாது.

டாக்டரம்மா ஒரு படிவத்தை நீட்டினார். "மாத்திரை விஷயத்துல உங்களுக்குத் துணையா இருக்கிற ஒருத்தர் பேரை எழுதுங்க. அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும்."

பேனாவை நானே எடுத்துக் கொடுத்தேன். என் பெயரில் எப்போதும் ஒரு துணைக்காலை விட்டுவிடுவாள் என்று குனிந்து பார்த்தேன். அது என் பெயரே இல்லை.

"யாரு இது?"

"ஒட்டடைக்குச்சி, மாமா."

இவளோடு பைண்டிங் கடையில் வேலை செய்யும் நெட்டைப் பெண். நான் வைத்த பட்டப்பெயர்தான். யாருக்கும் தெரியக் கூடாது என்றுதானே மூன்று வீடு மாறினேன், சொந்தக்காரர்களிடமெல்லாம் வாய் கூசாமல் பொய் சொன்னேன்!

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றார் டாக்டரம்மா.

வெளியே பெஞ்சில் ஒட்டடைக்குச்சி உட்கார்ந்திருந்தாள். அக்கா மகள்தான் வரச் சொல்லியிருக்க வேண்டும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். என்ன கேட்பது என்று தெரியாமல் "சாப்டியா?" என்று கேட்டேன். தலையாட்டினாள். இருவரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிறிது நேரத்தில் இவள் வந்தாள்.

"எப்போ சொன்ன அவகிட்ட?"

"போன வருஷம். நான் மாத்திரைய நிறுத்தினப்போ."

"நிறுத்தினியா? நான் எதிர்லதானே நின்னேன்!"

"கன்னத்துல ஒதுக்கிப்பேன். தண்ணிய மட்டும் முழுங்குவேன்."

"வீட்டுல ஒண்ணுகூட என் கண்ணுல படலையே?"

"சிங்க்ல போட்டா குழாயக் கழட்டிக் கண்டுபிடிச்சிடுவ. அதான் தாள்ல மடிச்சு எடுத்துட்டுப் போயி கடைக் குப்பைக்கூடையில போட்டேன்."

கூடையைக் கொட்டுவது ஒட்டடைக்குச்சியின் வேலை; மாத்திரைகளைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாள். "ஒரு அறை விட்டேன் அங்கிள்" என்றாள். "அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம்."

அப்படியானால் மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் சோதனைக்கூடத்து ஆளைத் திட்டிவிட்டு வந்திருக்கிறேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் விளங்கவில்லை.

"ஏன்டி நிறுத்தின?"

"தெரியல மாமா. கொஞ்ச நாள் எதுவும் இல்லாத மாதிரி இருந்து பாக்கலாம்னு தோணுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நீ எங்க கேட்ட? பாத்துக்கிட்டே நிப்ப. இவ தினமும் கடைக்கு வந்ததும் 'முழுங்கினியா'ன்னு கேப்பா. இவகிட்ட பொய் சொல்ல வராது எனக்கு."

பதினாலு வருஷம் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறேன். இதில் எங்கே தப்பு செய்தேன், தப்புதானா, ஒன்றும் பிடிபடவில்லை. அழுகை வரும்போலிருந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அலறியது. மணி ஒன்பது.

கை தானாகப் பைக்குள் போனது. மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் நீட்டினேன். அவள் வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள். பிறகு என் முகத்துக்கு நேராக வாயை அகலத் திறந்தாள்.

நான் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே எந்த ஜன்னலில் என்ன தருவார்கள் என்று எழுதியிருந்த பலகையை முதல் வரியிலிருந்து படித்தேன். ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

"முழுங்கினியா?" என்று கேட்டேன்.

"முழுங்கிட்டேன் மாமா" என்றாள்.