ஐ கேட்ச், சார்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறவர் பிலிப். பாதிரியாராகும் ஆசையில் குருமடத்தில் ஆறு வருடம் லத்தீன் படித்து, பாதியில் வெளியே வந்தவர். ஆசை போனாலும் லத்தீன் பெருமை போகவில்லை.

அன்று பாடத்தை முடித்துவிட்டு, புரிந்ததா என்று ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு வந்தார். ரங்கநாதன் தெருப் புடவைக்கடையில் வேலை பார்க்கும் விஜயலக்ஷ்மி எழுந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ‘பிடிபட்டுச்சு’ என்று மனசில் நினைத்ததை அப்படியே மாற்றி, “ஐ கேட்ச், சார்” என்றாள்.

“கேட்ச் பிடிக்க இது இன்னாம்மா, கிரிக்கெட்டா?” என்றார் பிலிப். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதற்கப்புறம் அவள் வகுப்புக்கு வரவில்லை.

மறுவாரம் ‘காம்ப்ரிஹெண்ட்’ என்ற சொல் வந்தது. பிலிப்புக்கு உற்சாகம்.

“இதோட வேர் லத்தீன்ல ‘ப்ரெஹெந்தெரே’. கையால பிடிக்கிறதுன்னு அர்த்தம். ‘பெர்சீவ்’ இருக்கே, அதுக்குள்ள இருக்கிறது ‘காபெரே’. எடுக்கிறது, பிடிக்கிறது. புத்தியால பிடிச்சா அதுதான் புரியறது.”

காற்றில் எதையோ பற்றுவதுபோல் கையை மூடிக் காட்டினார்.

முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவன் அஸ்வின் கேட்டான். “அப்போ அந்த அக்கா சொன்னது கரெக்ட்டுதானே சார்?”

“அது வேற” என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவினார். காது சுட்டது.

மறுநாள் அவள் வேலை பார்க்கும் புடவைக்கடைக்குப் போனார். மூன்றாவது மாடியில், விரித்துப் போட்ட புடவைகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றாள். அது அவரை இன்னும் கூசவைத்தது.

“இங்கிலீஷ்ல அப்படிச் சொல்ற வழக்கம் இல்லம்மா. ஆனா நீ நினைச்சது தப்பில்ல” என்று தொடங்கி, லத்தீன் விவரமெல்லாம் சொன்னார்.

கேட்டு முடித்துவிட்டு, “இது உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா சார்?” என்றாள்.

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“தெரியும்.”

“பிறகு ஏன் சார் சிரிக்க வச்சீய?”

நாற்பது பேர் சிரித்தபோது தனக்குள் ஊறிய சுகத்தை எப்படிச் சொல்வது? “மன்னிச்சிரும்மா” என்றார்.

“சரி சார்.” வாடிக்கையாளர் யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

அடுத்த வகுப்பில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. விஜயலக்ஷ்மி சைதாப்பேட்டையில் வேறு வகுப்பில் சேர்ந்துவிட்டதாகப் பிறகு அஸ்வின் வந்து சொன்னான்.

“அங்க தைரியமாப் பேசுறாங்க சார்.”

பிலிப்புக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.