குணமாகும் வரை

அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே வேலைதான். கடல் தாண்டி ஒரு பணக்கார நாட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், அவருடைய மருத்துவச் சான்று இங்கே வரும். அதைப் படித்துப் பார்த்து, சம்பளத்தோடு எத்தனை வாரம் ஓய்வு என்று கணினியில் முடிவு செய்து அனுப்ப வேண்டும். அப்படி அனுப்புகிறவர்களுக்கோ ஒரு நாள் வராவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராவிட்டால் வேலையே இல்லை.

எல்லாரும் அக்கா என்று கூப்பிடும் பெண்ணுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வலியை விழுங்கிக்கொண்டு அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டே வந்தாள். இனி ஒரு வாரம்கூடத் தாங்காது என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை.

அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வர முடியாமல் போனால், மற்றவர்கள் சாப்பாட்டு நேரத்தில் மாற்றி மாற்றி அவர் இடத்தில் உட்கார்ந்து, அவருடைய ஊழியர் எண்ணிலேயே கணினியில் நுழைந்து வேலையை முடித்து வைப்பார்கள். எண் ஓடினால் ஆள் வந்ததாகக் கணக்கு.

"நாங்க பாத்துக்கறோம், நீங்க போய்ப் படுங்க," என்று அக்காவை அனுப்பிவைத்தாள் பக்கத்து இருக்கை வாயாடி. அவளுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

தவறு அன்பினால் நடந்தது. அக்காவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று, அவள் இடத்தில் உட்காரும்போது மட்டும் ஒவ்வொருவரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். விளைவு, அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில் கிடந்தவள் அந்த வாரத்தின் மிகச் சிறந்த ஊழியராகிவிட்டாள். அந்த நாட்டு அதிகாரியம்மாள் அவளைத் திரையில் பார்த்துப் பாராட்ட விரும்பினார்.

மேலாளர் அழைக்க வந்தபோது, அந்த இடத்தில் கண்ணாடிக்காரர் பாதி ரொட்டியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அலுவலகத்திலேயே வயதில் மூத்தவர் அவர்.

"அக்கா எங்க?"

"ஆஸ்பத்திரியில சார்."

"அப்போ இதெல்லாம் யார் செஞ்ச வேலை?"

"யார் செய்யலைன்னு கேளுங்க சார், சீக்கிரம் முடியும்," என்றாள் வாயாடி.

"இது மோசடி. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. இதோ திரையில பாருங்க, அந்த நாட்டு ஆளுக்குக் கணுக்கால்ல சுளுக்கு. ஆறு வாரம் ஓய்வுன்னு காலையில நீங்கதான் ஒத்துக்கிட்டீங்க. எங்க அக்கா வயித்தைக் கிழிச்சுக்கிட்டுப் படுத்திருக்காங்க."

"அது பணக்கார நாடும்மா. கொடுக்கறான்."

கண்ணாடிக்காரர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அங்கயும் வானத்துலேருந்து கொட்டல சார். நடக்கறவங்க எல்லார்கிட்டயும் கொஞ்சம் வாங்கி, விழுந்தவனுக்குக் கொடுக்கறாங்க. நாங்க பண்ணினதும் அதுதான். எங்ககிட்ட இருந்தது சாப்பாட்டு நேரம்."

மோசடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு பெண் படுத்து எழுந்திருக்க ஒரு கூடமே பொய் சொல்ல வேண்டியிருந்தால், அந்தப் பாவத்தைக் கடவுள் பசியோடு உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் கட்டுவார் என்று நான் நம்பவில்லை.

அதற்குள் திரையில் அதிகாரியம்மாள் வந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இன்றுதான் உடம்புக்கு முடியாமல் போயிற்று, விடுப்பில் இருக்கிறார் என்று தம் பங்குக்கு மேலாளரும் ஒரு பொய் சொன்னார்.

அந்த அம்மாளின் முகம் வாடியது. "அடடா. எத்தனை வாரம் கொடுத்திருக்கிறீர்கள்?"

அதில் கேலி இல்லை. அவர் நாட்டில் அடுத்ததாகக் கேட்கிற கேள்வி அதுதான். மேலாளர் அக்காவின் காலி மேசையைப் பார்த்தார்.

"குணமாகும் வரை," என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இனிப் பின்வாங்க வழியில்லை.

திரை அணைந்ததும் வாயாடி கேட்டாள்: "அடுத்து விழற ஆளுக்கு சார்?"

"முதல்ல இதை முடிக்கறேன், விடும்மா." மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கணவருக்குப் போன் போட்டார். "குணமாகற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

மறுமுனையில் போன் கை மாறியது. அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"தப்புதான் சார். நாளைக்கே வந்துடறேன். தையல் போட்டிருக்கு, ஆனா உக்காந்துக்க முடியும். வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

"இல்லம்மா, சம்பளத்தோட ஓய்வு," என்றார் மேலாளர். இன்னொரு முறையும் சொன்னார்.

முன்பின் அறியாதவர்களுக்கு அதே வார்த்தையை நாள் முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தவளுக்கு, தன்னிடம் ஒருவர் அதைச் சொன்னபோது விளங்கவில்லை. "இன்னிக்கு சாயங்காலமே வந்துடறேன் சார்," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள்.