செவலையின் நாக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த நாயைக் கொன்றவன் நான்தான். யாரும் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை, ஊரில் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதனால்தான் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1978ஆம் வருடம். புதுச்சத்திரத்துக்கு மேற்கே உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் கால்நடை மருந்தகக் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். மீதி ஐந்து நாளும் மேசை, ஊசி, அதிகாரம் எல்லாம் என் கையில். பரக்கத் அலி என்ற என் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது, கம்பவுண்டர் பாய் என்றால்தான் தெரியும். டாக்டர் என்பதைவிட அது அரைப்படிதான் குறைச்சல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் வெறிநாய் ஒன்று ஊருக்குள் புகுந்து மூன்று பேரைக் கடித்துவிட்டது. ஊர்க்காரர்கள் கூடி, தெருநாய்களுக்கு இறைச்சியில் விஷம் வைப்பது என்று தீர்மானித்தார்கள். விஷத்தைக் கையாளத் தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வளர்க்கிற நாய்களைக் கட்டிப்போடுங்கள் என்று முதல் நாளே தண்டோரா போட்டாயிற்று, அதற்கு மேல் என்ன என்று நினைத்தேன்.

ஊருக்கு வெளியே சௌந்திரத்தின் காடு. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம், நடுவில் நாற்பது ஆடுகளை அடைக்கிற பட்டி. அவள் கணவர் சின்னுசாமி போர் போடுகிற ரிக் லாரியோடு ஆந்திராப் பக்கம் போய்விடுவார், பொங்கலுக்கு வந்தால் உண்டு. பட்டியைக் காத்தது ஒரு பெட்டை நாய். பட்டி நாய்க்கு அந்தப் பக்கத்தில் இரண்டு சட்டம் உண்டு. அதைக் கட்டிப்போடக் கூடாது, கட்டிப்போட்டால் நரி வருகிற திசைக்கு அது எப்படி ஓடும்? கவுச்சி காட்டக் கூடாது, ரத்த ருசி தெரிந்துவிட்டால் ஆட்டைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். கம்பங்களியும் மோரும்தான் அதற்குச் சாப்பாடு. தண்டோரா சௌந்திரத்தின் காதிலும் விழுந்தது. இறைச்சியை மோந்துகூடப் பார்க்காத நாய்க்கு இறைச்சியில் வைக்கிற விஷம் என்ன செய்யும் என்று அவள் சும்மா இருந்துவிட்டாள்.

ஆனால் அந்த நாய் குட்டி போட்டிருந்தது. விஷம் வைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் சௌந்திரம் என்னிடம் வந்தாள். நாலு குட்டியும் விடாமல் குடிக்கின்றன, எவ்வளவு களி போட்டாலும் நாய்க்குப் பற்றவில்லை, இடுப்பெலும்பு துருத்துகிறது, வேறென்ன போடலாம் என்று கேட்டாள். நான் மருந்து இருப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே, இன்னோர் உருண்டை சேர்த்துப் போடம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பால் கொடுக்கிற நாய்க்கு வழக்கத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தீனி வேண்டும், முட்டையோ மாமிசமோ சேர வேண்டும் என்று எனக்குத் தெரியும். டாக்டரின் புத்தகத்தில் அந்தப் பக்கத்தையே நான் படித்திருக்கிறேன். ஆனால் பட்டி நாய் ஒன்றுக்காக நாற்காலியை விட்டு எழுந்து புத்தகம் எடுக்க அன்று எனக்கு உடம்பு வணங்கவில்லை.

பசி சட்டத்தை மீறிவிட்டது. நான் இறைச்சியில் விஷம் கலந்து வைத்த மறுநாள் காலையில், மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் செத்துக் கிடந்த நாய்களை எண்ணப் போனபோது சௌந்திரத்தின் நாயும் கிடந்தது. காம்புகளில் பால் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் எண்ணுவதை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் சௌந்திரம் கூடையோடு வந்தாள். உள்ளே நாலு குட்டிகள், பிறந்து ஐந்து நாள், கண் திறக்கவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. கூடையை என் மேசைமேல் வைத்தாள்.

"ஆயாளைக் கொன்னுபோட்டீங்க பாய். இதுல ஒண்ணையாச்சும் உசுரோட குடுங்க. நாயில்லாம பட்டி போட முடியாதுங்க. அத்தனை ஆட்டையும் ஓட்டி வித்துப்போடோணும்."

அதைச் சொல்லிவிட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டாள். ஒன்றையாவது உயிரோடு கொடுப்பது என்று அப்போதே மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

பசும்பாலைக் காய்ச்சி, தண்ணீர் கலந்து, இங்க் ஃபில்லரால் புகட்டினேன். முதலில் குடித்தன. பிறகு வயிறு உப்பி, கல் மாதிரி இறுகிப்போனது. விளக்கெண்ணெய் கொடுத்தேன், ஓமத்தண்ணீர் கொடுத்தேன், புத்தகத்தில் இருந்தது இல்லாதது எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். மறுநாள் இருட்டுவதற்குள் மூன்று போய்விட்டன. மிஞ்சியது வாய் மட்டும் கறுத்த ஒரு செம்மண் நிறக் குட்டி, அதுவும் முனகுவதை நிறுத்திவிட்டது. வீட்டுக்குப் போனால் என் மனைவி பஷீரா கிணற்றடியிலேயே என்னை நிறுத்திவிட்டாள். நாயின் எச்சில் பட்ட கையோடு எப்படித் தொழ நிற்பீர்கள், தேய்த்துக் கழுவுங்கள் என்றாள். எனக்கு அவள் சொல்லவே வேண்டியதில்லை. கழுவுவதில் நான் அவளுக்கு மேல்.

மூன்றாம் நாள் காலையில் குட்டியை மருந்து அட்டைப்பெட்டியில் பஞ்சு பரப்பி வைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு சௌந்திரத்தின் காட்டுக்குப் போனேன். என்னால் ஆகவில்லை என்று சொல்லத்தான் போனேன்.

பட்டிக்குள் செவலை ஆடு ஒன்று கத்திக்கொண்டே சுற்றிவந்தது. விடியற்காலையில் செத்த குட்டியாகப் போட்டதாம். அந்தக் குட்டியைக் கிடத்தியிருந்த கோணிச்சாக்கை எடுத்து, ஈரமும் அழுக்குமாக அப்படியே நாய்க்குட்டியைச் சுற்றி என் கையில் கொடுத்தாள் சௌந்திரம். பிடித்துக்கொண்டிருங்கள், செவலையைப் பிடித்து வருகிறேன் என்று வேலிப்பக்கம் போனாள். நான் சிரித்துவிட்டேன். ஆடாவது நாய்க்குட்டிக்குப் பால் கொடுப்பதாவது. அதைவிட அந்தச் சாக்கு என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஈ மொய்க்கிறது, நாற்றத்தில் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன், உள்ளே சாகக் கிடக்கிற ஓர் உயிர். படித்தவன் ஒருவன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பானா? சாக்கை உருவி, சருகு எரிந்துகொண்டிருந்த தீயில் போட்டேன். பையிலிருந்த டெட்டாலைத் தண்ணீரில் கலந்து, குட்டியைத் தலை முதல் வால் வரை துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

செவலையை இழுத்துக்கொண்டு வந்தவள் தீயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க பாய், அதுல தானுங்க அது குட்டி வாசம் இருந்துச்சு. கண்ணைக் காட்டியா ஏமாத்த முடியும்? வாசத்தைக் காட்டித்தானுங்க சேர்க்கோணும்."

இருந்தாலும் குட்டியை ஆட்டின் முன்னால் கொண்டுபோனாள். செவலை மோந்து பார்த்தது, தும்மியது, தலையைத் தாழ்த்தி ஒரே முட்டு. குட்டி இரண்டு முழம் உருண்டுபோய்ப் புழுதியில் மல்லாந்தது. தாயைக் கொன்றேன், மூன்று குட்டிகளைப் போக்கினேன், மிச்சமிருந்த ஒன்றின் வழியையும் என் கையாலேயே கொளுத்திவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

சௌந்திரம் அழவில்லை. சட்டியில் சாம்பலும் ஆட்டுப் புழுக்கைத் தூளும் கலந்து குட்டியின் மேல் தேய்த்தாள், துடைத்தாள், மறுபடி தேய்த்தாள். டெட்டால் வாசம் போகிறதா என்று என்னையே மோந்து பார்க்கச் சொன்னாள். மோந்தேன். அரை மணி நேரத்துக்கு முன் மூக்கைப் பொத்தியவன், புழுக்கை நாற்றம் எப்போது மேலே வரும் என்று தவித்தபடி மோந்தேன். அப்புறம் செவலையின் மடியைப் பீய்ச்சி, அந்தப் பாலையே குட்டியின் உச்சியிலும் பின்புறத்திலும் பூசினாள். கடைசியில் குடிசைக்குள் போய் ஒரு பிடி உப்பு எடுத்துவந்தாள். தண்ணீரில் கரைத்துக் குட்டியின் மேல் லேசாகத் தடவினாள்.

உப்பென்றால் ஆட்டுக்கு உயிர். என்னைச் செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குட்டியை அதன் மூக்கடியில் நீட்டினாள். செவலை முகத்தைத் திருப்பியது. திரும்ப வந்து ஒரு தடவை நக்கியது. நிறுத்தியது. மறுபடி நக்கியது. பிறகு நாக்கை உள்ளே இழுக்கவே இல்லை. முதுகு, காது, கண் திறக்காத முகம், வயிறு, வாலடி என்று உப்பிருந்த இடமெல்லாம் அழுத்தி அழுத்தி நக்கியது. அந்த நாக்கு வயிற்றுக்கடியில் போனபோது குட்டி ஒரு நடுக்கம் நடுங்கி, சௌந்திரத்தின் கையெல்லாம் நனைய மூத்திரம் பெய்தது. பெய்தது, பெய்துகொண்டே இருந்தது. கல்லாக இறுகிக் கிடந்த வயிறு என் கண் முன்னால் தளர்ந்தது. இரண்டு நாளாக எத்தனை புட்டியைத் திறந்து மூடியிருப்பேன். பிறந்த நாய்க்குட்டிக்குத் தானாக மூத்திரம் போகாது, தாயின் நாக்கு தொட்டால்தான் போகும், நனைத்த பஞ்சால் தடவிவிட்டிருந்தாலே மற்ற மூன்றும் பிழைத்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் தண்ணீர் கலந்து புகட்டிய பசும்பாலைவிட ஆட்டுப்பால் கெட்டி, நாய்ப்பாலுக்கு அதுதான் பக்கத்தில் வரும் என்றும் சொன்னார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்து நடந்தது. உப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. செவலை நிறுத்தவில்லை. வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, மெதுவாக ஒரு சத்தம் போட்டது. கழுத்தைப் பிடித்திருந்த என் உள்ளங்கையில் அது அதிர்ந்தது. பத்து வருடமாக ஆடுகளுக்கு நடுவே இருந்தவன் நான், அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதே இல்லை. அல்லது கேட்டிருப்பேன், ஊசி போடுகிற அவசரத்தில் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

என்ன சத்தம் என்று சௌந்திரத்தைக் கேட்டேன்.

"ஈன்ன குட்டியைக் கூப்புடறதுங்க. வேற எதுக்கும் அந்தச் சத்தம் வராதுங்க பாய். இனிக் கழுத்தை உட்டுருங்க."

விட்டுவிட்டேன். செவலை எங்கும் ஓடவில்லை. சௌந்திரம் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன் மேல் குட்டியை ஏந்திப் பிடித்தாள். கறுத்த வாய் தடுமாறித் தேடிக் காம்பைப் பற்றியது. ஆடு திரும்பி அதன் வாலடியை மோந்தது, நக்கியது, அந்தச் சத்தத்தைப் போட்டது. நரியின் வாசம் பட்டாலே நாற்பதும் மூலைக்கு ஓடும் இனம், நரியின் பங்காளிக்கு நின்று பால் கொடுத்துக்கொண்டிருந்தது. படைத்தவனே என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு கைகட்டி நின்றேன், தொழுகையில் நிற்பதுபோல. என் சட்டையெல்லாம் நாய் எச்சிலும் புழுக்கையும். கழுவ வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கும் பதில் சொன்னதில்லை. குட்டி போட்ட நாய்க்குத் தீனியை மும்மடங்காக்குங்கள் என்று பட்டி பட்டியாகப் போய்ச் சொன்னேன். கவுச்சி ஆகாது என்றவர்களிடம் சண்டை பிடிக்காமல், கடலைப் புண்ணாக்கும் தயிரும் கூட்டிப் போடச் சொன்னேன். விஷம் வைக்க இன்னொரு முறை கூப்பிட்டபோது முடியாது என்றேன்.

நாற்பது நாள் கழித்துச் சௌந்திரத்தின் காட்டுக்குப் போனேன். குட்டி காது நிமிர்ந்து, கொழுகொழுவென்று ஆட்டுக்குட்டிகளோடு துள்ளிக்கொண்டிருந்தது. சௌந்திரம் ஓர் ஆட்டையும் விற்கவில்லை. செய்த சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு பட்டிப் படலைத் திறந்து, குட்டியைத் தூக்கக் குனிந்தேன்.

எங்கிருந்தோ செவலை வந்து நடுவில் நின்றது. தலையைத் தாழ்த்தி, என்னைப் பார்த்தபடி முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டியது. நான் ஓர் அடி வைத்தேன், அது மறுபடி தட்டியது. மற்ற ஆடுகளெல்லாம் என்னைக் கண்டதும் மூலைக்குப் போயிருந்தன. இது மட்டும் நின்றது, கால் நடுங்க நடுங்க நின்றது.

"டெட்டால் வாசத்துக்கு அப்பிடிப் பண்ணுதுங்க பாய்" என்று சௌந்திரம் எனக்காகச் சொன்னாள். "வேற ஒண்ணுமில்லீங்க."

இருக்கலாம். அந்தக் குட்டியின் ஆயாளுக்கு நான் என்ன செய்தேன் என்று ஓர் ஆட்டுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் நான் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். படலைச் சாத்திவிட்டு, வேலிக்கு வெளியே நின்று, அவை இரண்டும் மேய்ச்சலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.