நாற்பது பேர் எழுந்து நின்ற காலை

என் மகள் ஒரு கம்பெனிக்கு நேரில் போய், உங்கள் வேலை எனக்கு வேண்டாம் என்று சொன்னாள். அதைக் கேட்டு நாற்பது பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். தட்டியவர்களில் வேலை கொடுத்தவரும் ஒருவர்.

நம்பமாட்டீர்கள். பரவாயில்லை. முப்பத்தொரு வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். நான் சொல்வதை யாராவது உடனே நம்பிவிட்டால்தான் எனக்கு உடம்புக்கு ஆகாமல் போகும். ஊரே நம்பினாலும் நம்பாத ஆள் ஒருவன் உண்டு. கண்டக்டர். என் மனைவியின் தம்பி. இருபது வருடம் என் வண்டியின் பின்வாசலில் நின்றவன். இன்றைக்கு வண்டியில் இருநூறு பேர் என்று நான் பெருமையடித்தால், "அறுபத்திரண்டு, அத்தான்" என்பான். ஓய்வு பெற்றும் அந்த வியாதி அவனை விடவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் நாற்காலிகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவான். பழைய விசில் இன்னும் சட்டைப்பையில் கிடக்கிறது.

கதைக்கு வருகிறேன். ஒரே வாரத்தில் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று மருத்துவக் கல்லூரியிலிருந்து. பள்ளி முடித்தபோது அரை மதிப்பெண்ணில் தவறிப்போன இடம் அது (கண்டக்டர் கணக்கில் பதினொரு மதிப்பெண்). சரி என்று புள்ளியியல் படித்தாள். படித்துக்கொண்டே சத்தம் போடாமல் மறுபடி நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள், கள்ளி. இன்னொன்று ஒரு பெரிய கம்பெனியிலிருந்து. அதில் போட்டிருந்த சம்பளம் நான் கடைசியாக வாங்கியதைப் போல் பத்து மடங்கு. நாலு மடங்கு என்று ஒருவன் சொல்வான், காதில் வாங்காதீர்கள். இரண்டு பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

படிப்பென்றால் இன்னும் ஐந்து வருடம். என் முட்டி இரண்டும் படியேறும்போது கதவுக் கீல் மாதிரி கத்துவது அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் அவள் அம்மாவுக்கு இன்னும் இரண்டு வருட வேலைதான் பாக்கி என்பதும் தெரியும். குளியலறைக் கூரையிலிருந்து ஒழுகும் தண்ணீர் முகம் மழிப்பவன் உச்சந்தலையில் குறிபார்த்து விழுவதும் தெரியும். இரண்டு கடிதங்களையும் குளிர்பெட்டிக் கதவில் ஒரே காந்தத்தில் மாட்டிவிட்டு, நாலு நாளாக ஒன்றும் எடுக்காமலே அந்தக் கதவைத் திறந்து திறந்து மூடினாள்.

நான் சும்மா இருப்பேனா? என் மகள் டாக்டர் என்று ஐந்நூறு பேரிடம் சொல்லிவிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் முட்டிவலி என்று எக்ஸ்ரே உறையோடு மாடியேறி வந்துவிட்டார். மகள் என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் மருத்துவமனை எக்ஸ்ரே அறை வாசலில் தொண்டாகச் சக்கர நாற்காலி தள்ளப் போனவள் அல்லவா.

"நான் டாக்டர் இல்ல ஆன்ட்டி. ஆனா இது உங்க தோள்பட்டை. முட்டிப் படம் வீட்டுலயே இருக்கும், தேடிப் பாருங்க."

அந்த அம்மாள் இறங்கிப் போனபிறகும் அவள் கை ஜன்னல் பக்கமே தூக்கியபடி இருந்தது. படம் இல்லாத வெறும் கை.

வியாழக்கிழமை சாயங்காலம் கண்டக்டர் வந்து, நாற்காலிகளை எண்ணி, உட்கார்ந்தான். பிள்ளை சம்பாதிக்கட்டும், அக்காவும் அத்தானும் இனிமேலாவது காலை நீட்டட்டும் என்று அரைமணி நேரம் பேசினான். பேச்சில் குற்றம் சொல்ல முடியவில்லை, அதுதான் எரிச்சல். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரே சட்டையை மூன்று தடவை மடித்தாள். மகள் என்னைப் பார்த்து, "நீங்க என்னப்பா சொல்றீங்க?" என்றாள்.

சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் நான் வாயைத் திறந்தால் எனக்காகப் படிக்கப் போவாள்; நடுவில் கஷ்டம் வந்தால் திரும்பி என்னைத்தான் பார்ப்பாள். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அத்தான் வாய மூடி இருக்கறத இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றான் கண்டக்டர்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். கண்டக்டருக்கும் ஒரு காலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே வாரம் பேருந்து வேலையும் கிடைத்தது, வேலைக்கு வந்துவிட்டான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவள் கேட்டது யாரும் கேட்காத கேள்வி.

"காலேஜ்ல எப்படி மாமா வேண்டாம்னு சொன்னீங்க?"

கண்டக்டர் விசிலை வெளியே எடுத்துத் துடைத்தான்.

"சொல்லவே இல்லம்மா. போகாம இருந்துட்டேன். அந்த இடம் வருஷம் பூரா காலியாவே கிடந்துச்சாம். எனக்கு அடுத்து இருந்த பையன் வாசல்ல வந்து வந்து கேட்டுட்டுப் போனானாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வண்டி எவ்வளவு நிரம்பியிருந்தாலும் இவன் ஒரு நிறுத்தத்தையும் தாண்டிப் போகவிடமாட்டான். ஒற்றை விசில் ஊதி நிறுத்தச் சொல்வான். வாசலில் தொங்கியபடி, காத்திருப்பவர்களிடம், "இடமில்ல, அடுத்த வண்டி பத்து நிமிஷத்துல வருது" என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் இரட்டை விசில் ஊதுவான். இருபது வருடமும் இவனுக்கு என்ன கிறுக்கு என்றே நினைத்திருந்தேன்.

மகள் எழுந்து போய்க் கம்பெனிக் கடிதத்தை மட்டும் காந்தத்திலிருந்து உருவினாள்.

"காலையில நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

மனைவி மடித்த சட்டையைக் கீழே வைத்தாள். கண்டக்டர் மட்டும் சிரித்தான். அந்த ஏசியையும் நாற்காலியையும் பார்த்தால் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றான். வேண்டாம் என்று வாயால் சொல்லிவிட்டால் தன் விசிலையே தந்துவிடுவதாகப் பந்தயமும் கட்டினான்.

மறுநாள் மகள், கண்டக்டர், நான் மூவரும் போனோம். முழுக்கக் கண்ணாடியால் ஆன கட்டடம், நூறு மாடி. ஏழாவது மாடிக்குத் துணையாக ஒரே ஒருவர் வரலாம் என்று வாசல் காவலர் ஒற்றை அட்டையை நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் கண்டக்டர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். என்னை ஒரு சோபாவில் உட்கார வைத்தார்கள். இடுப்பு வரை அதில் முழுகிவிட்டேன்; பிறகு இரண்டு ஆள் சேர்ந்து தூக்கவேண்டியிருந்தது.

மேலே நடந்ததை, திரும்பும் வழியில் பேருந்தில் மகள் சொன்னாள். டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், வேலை வேண்டாம் என்றதும் மேலாளர் ஆச்சரியப்பட்டு, இதற்கு ஒரு மின்னஞ்சல் போதுமே என்றாராம்.

"உங்க பட்டியல்ல எனக்கு அடுத்து ஒருத்தர் இருப்பாங்க சார். அவங்க இன்னிக்கு வேற எங்கயாவது கையெழுத்துப் போட்டுடக் கூடாது. இப்பவே கூப்பிட்டுச் சொல்வீங்களா?"

மனிதர் பட்டியலைத் தேடி எடுத்து, மேசைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியை அழுத்தி, எண்ணைப் போட்டார். மறுமுனையில் ஒரு பெண். தவறான எண்ணா என்று மூன்று தடவை கேட்டாளாம். அப்புறம், "அம்மா" என்று ஒரு கூப்பாடு. அறைக்கதவு திறந்திருந்தது, கண்டக்டர் அதற்கு வெளியே உட்கார்ந்திருந்தான். அந்தக் குரல் வெளியே மேசை மேசையாகப் போனது. என்ன நடந்தது என்று ஒருவர் மற்றவருக்குச் சொல்ல, ஒவ்வொருவராக எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தார்கள். மேலாளரும் எழுந்தார். நீங்கள் டாக்டரானதும் சொல்லி அனுப்புங்கள், வரிசையில் முதல் ஆளாக நிற்கிறேன் என்றாராம்.

"எத்தனை பேர் எழுந்தாங்க?" என்றேன். எண்ணவில்லை என்றாள். இருபது இருக்கும் என்று மனதுக்குள் போட்டு, வழக்கம்போல இரண்டால் பெருக்கி, நாற்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

கண்டக்டரோ ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான். "நாலஞ்சு பேரு டீ குடிக்க எழுந்தாங்க" என்றான். விசிலைக் கேட்டால் காது கேட்காதவன் போலிருந்தான். மூன்று வாரம் இதே பாட்டு. நான் கதை சொன்ன இடத்திலெல்லாம் பக்கத்தில் நின்று, டீ, டீ என்று நீட்டி முழக்கினான்.

மகள் விடுதிக்குக் கிளம்பிய காலையில் கீழ்வீட்டு அம்மாள் வழியனுப்ப வந்தார், இந்தத் தடவை சரியான எக்ஸ்ரேயோடு. நான் விடுவேனா? மறுபடி ஆரம்பித்தேன். கண்ணாடிக் கட்டடம், ஒலிபெருக்கி, எழுந்து நின்ற நாற்பது பேர். சொல்லிவிட்டு, வரப்போகிற டீக்காகக் காத்திருந்தேன்.

கண்டக்டர் அவள் பெட்டியைக் கீழே வைத்தான். விசிலை எடுத்தான். என்னிடம் தரவில்லை, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான்.

"நாப்பது இல்ல, அத்தான். நாப்பத்தொண்ணு. அன்னிக்கே எண்ணிட்டேன்" என்றான். "கடைசியா எழுந்தது நான்தான். எழுந்துக்க எனக்குக் கொஞ்சம் நேரமாச்சு."