ஜோடிக் காப்பு

“பிரபஞ்சம் வெடிச்சுப் பொறந்தப்பவே இந்த ரெண்டு செம்புக் காப்பும் குவாண்டம் முறையில பின்னிக்கிச்சாம்லா. ஒண்ணு சூடானா, எவ்வளவு தூரத்துல இருந்தாலும் மத்ததும் சூடாகும்!” கோகிலன் மனைவியின் கையில் ஒன்றை மாட்டிவிட்டான்.

பள்ளி அறிவியல் கூடத்தில் வேலை பார்க்கும் தினேஸ்வரி முறைத்தாள். “பிரபஞ்சம் பொறந்தப்ப செம்பு ஏதுங்க? புந்தோங் சந்தையில எவன் உங்க தலையில மொளகா அரைச்சான்?”

மறுநாள், ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருப்பதாகச் சொல்லி அவன் லூமுட்டுக்குக் கிளம்பினான். குளியலறை ஆணியில் அவனுடைய காப்பு தொங்கியது. அதையும் கையில் எடுத்துக்கொண்டு போன் போட்டாள்.

“என் காப்பு சூடாகுதுங்க.”

“எனக்கும்தான்லா! இப்பத்தான் கை சுட்டுச்சு!”

அவளிடமிருந்த இரண்டு காப்பும் சில்லென்றிருந்தன. லூமுட்டுக்குப் போவதாகச் சொன்னதும் இதே வாய்தான்.