தோட்டத்துப் பெண் ஓட்டிய சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பி முன்கூடத்துக்கு வந்தால், என் சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவைத்திருக்கிறார் என் வீட்டுக்காரர் கேப்ரியல். கைப்பிடியில் ஓர் அட்டை வேறு. ‘தோட்டத்துப் பெண் ஓட்டிய சைக்கிள். தொட வேண்டாம்.’

ஈப்போவில் இருக்கும் எங்கள் வீட்டு முன்கூடத்தை அவர் அருங்காட்சியகமாக்கி ஒரு வருஷமாகிறது. செமோர் ரப்பர் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டிய கத்தி முதலில் போனது. பிறகு என் பால் வாளி, கல்யாணத்துக்கு வாங்கிய மங்குக் கோப்பை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் போயின. அப்போதெல்லாம் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் பசாருக்கும் கோயிலுக்கும் நான் இந்தச் சைக்கிளில்தான் போகிறேன். இதை விட்டால் வாசலைத் தாண்ட எனக்கு வேறு வழியில்லை.

“சாவி எங்க?” என்றேன்.

“கோப்பெங்லேர்ந்து சைக்கிள் கிளப் ஆளுங்க வாராங்க. இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்க லா. போய் கோப்பி போடு.”

பூசைக்கு நேரம் தாண்டிவிட்டது. கோப்பித் தட்டோடு வந்தபோது பத்துப் பேர் என் சைக்கிளைச் சுற்றி நின்றார்கள்.

“அண்ணே, இத ஓட்டுனவங்க இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார் ஒருவர்.

கேப்ரியல் பெருமூச்சு விட்டார். “அந்தக் காலத்து ஆளுங்கல்லாம் போய்ட்டாங்க லா.”

தட்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் டொக்கென்று வைத்தேன். நேரே போய்ச் சைக்கிள் மணியை விடாமல் அடித்தேன்.

கேப்ரியல் கூரையைப் பார்த்தார். கேள்வி கேட்டவர்தான் தன்மையாகச் சொன்னார்:

“அக்கா, தொடக் கூடாதாம். எழுதிப் போட்டிருக்கு பாருங்க.”