ஏழு தட்டு மீகூனும் ஒரு மூங்கிலும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றுப் பொருமலில் பிறந்தது.

மலேசியாவில், ஈப்போவில் என் மகன் படிக்கும் பள்ளியில் விருந்து நாள் நடந்தது. மிஞ்சிய மீகூன் (அரிசி சேமியாதான்) முழுவதையும் பெற்றோர் சங்கச் செயலாளர் தலையில் கட்டினார்கள். செயலாளர் நான்தான். காலையில் மீகூன், பகலில் மீகூன், இரவில் அதையே முட்டைக்கோஸ் போட்டுச் சூடாக்கி மீண்டும் மீகூன். அது தீர்ந்த அன்று எழுத உட்கார்ந்தேன். இலக்கியம் வேறு எங்கிருந்து வரும் என்று நினைத்தீர்கள்?

மூங்கிலில் இருந்தது மிஞ்சியதா என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். கதையே அதுதான்.

2

முதல் தொடக்கம்: 'பல இன மக்கள் ஒற்றுமையாய் வாழும் எழில்மிகு ஈப்போ நகரில்—'

அடித்துவிட்டேன். எங்கள் தலைமையாசிரியை ஒலிவாங்கியைப் பிடித்தால் இப்படித்தான் ஆரம்பிப்பார். கேட்கிற பிள்ளைகள் வெயிலில் மயங்கி விழுவார்கள்.

இரண்டாம் தொடக்கம்: 'சுண்ணாம்பு மலைகளின் மேல் மழை மெல்ல—'

இந்த ஊரில் மழை பெய்யாவிட்டால்தான் செய்தி.

மூன்றாவது: 'வெல்டா காரின் பின்கதவைத் திறந்துவிட்டு நின்றாள். உள்ளே இரண்டு சாப்பாடு இருந்தது. எதைத் தூக்குவது?'

இது இருக்கட்டும். ஆனால் வெல்டா யார் என்று சொல்லாமல் காரைத் திறந்து என்ன பயன்?

3

வெல்டா கடல் தாண்டிய சரவாக்கில் காப்பிட் பக்கத்து இபான் பழங்குடிப் பெண். கணவனுக்கு இங்கே மாற்றல். அவளுக்கு அரசாங்கப் பல் மருத்துவமனையில் தாதி வேலை. மகள் ரூபினா என் மகன் வகுப்பு.

எங்கள் வரிசையில் குடிவந்த நாள் முதல் வெல்டா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிடுவாள். எதிர்வீட்டு மலாய்ப் பெண் நொராய்னி, "அலாமா, இப்பதான் சாப்ட்டேன்" என்பாள். என் மனைவி தவமணி, "இன்னிக்கி விரதம்" என்பாள். (தவமணி இருந்த விரதத்தையெல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு நாள் போதாது.) காரணம் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். வெல்டா வீட்டில் பன்றி சமைப்பார்கள். சட்டி அதே சட்டி, கத்தி அதே கத்தி.

பக்கத்து வீட்டுச் சீனப் பெண் புய் லெங் மட்டும் அங்கே சாப்பிடுவாள். ஆனால் அவள் என் வீட்டு நாய்க்கு வைத்ததையே ருசி பார்த்து, "உப்பு பத்தல லா" என்றவள். கணக்கில் சேராது.

ரூபினாவின் பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் பெட்டிப் பானத்தை உறிஞ்சிவிட்டுப் பந்து விளையாடப் போய்விட்டார்கள். மேசையில் எல்லாம் அப்படியே இருந்தது. ரூபினா கேட்டாளாம்: "அம்மா, நம்ம சாப்பாடு நாறுதா?"

இந்த இடத்தில் முதல் வரைவில் வெல்டா 'கண்ணீரை முந்தானையால்' துடைத்தாள். அவள் போடுவது கால்சட்டை. முந்தானை என் கற்பனைக் கடையில் மலிவாகக் கிடைப்பதால் எடுத்து மாட்டிவிட்டேன்.

வரைவை அவளிடமே மலாயில் படித்துக் காட்டினேன். (எங்கள் பேச்செல்லாம் மலாய்தான், தமிழாக்கம் என் கைவரிசை.)

"என்னா அண்ணே, இப்புடி அழ வச்சிருக்கீங்க? எங்கிட்ட பல்லு புடுங்க வர்றவங்கதான் அழுவாங்க."

"கோவமாச்சும் வந்துச்சா?"

"வந்துச்சு. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டாச்சும் எம் பொண்ணு பாக்க நெறையணும்னு இருந்துச்சு. அத எழுதுங்க. அப்புறம் அண்ணே, முடிவ மட்டும் எல்லா இனமும் கைகோத்து நிக்கிற சுதந்திர தினச் சுவரொட்டி மாதிரி எழுதிடாதீங்க."

சரி என்றேன். அதனால் வந்த வினையைப் பின்னால் பார்ப்பீர்கள்.

4

விருந்துக்குத் தலைமையாசிரியை அனுப்பிய அறிவிப்பில் இரண்டே வாக்கியம். 'உங்கள் வீட்டுச் சமையலைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் உண்ணக்கூடியதாய் இருக்கட்டும்.'

இந்த ஊரில் வளராதவர்கள் இதில் என்ன சிக்கல் என்பார்கள். நாங்கள் பிறந்ததிலிருந்து அடுத்தவன் வயிற்றை நினைத்தே சமைத்துப் பழகியவர்கள். நொராய்னி யோசித்தாள்: தவமணி மாடு தொடமாட்டாள், புரட்டாசி வேறு, கோழியும் ஆகாது. புய் லெங் யோசித்தாள்: நொராய்னிக்கு என் சட்டி ஆகாது, மலாய்க் கடையில் சொல்லிவிடலாம், கறி வேண்டாம். தவமணி யோசித்தாள்: புய் லெங் பிள்ளைகளுக்குக் காரம் ஆகாது, மிளகாய் வேண்டாம். ஆளுக்கு ஒன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் சட்டியில் மிஞ்சுவது என்ன?

வெறும் மீகூன். கொஞ்சம் கேரட்.

5

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் நீள மேசை. 'மலாய் உணவு' என்ற அட்டைக்குப் பின்னால் மீகூன். 'சீன உணவு' அட்டைக்குப் பின்னால் மீகூன். 'இந்திய உணவு' அட்டைக்குப் பின்னால் என் மனைவியின் மீகூன், கறிவேப்பிலை தூவி. சீக்கிய வீட்டு மீகூன்கூட வந்திருந்தது. மொத்தம் ஏழு தட்டு. தலைமையாசிரியையின் முகத்தை வருணிக்க எனக்கு வல்லமை போதாது.

"யாருலா பேசி வச்சது?" என்றாள் புய் லெங்.

"யாரும் பேசல. அதான் பிரச்சன," என்றாள் நொராய்னி.

இப்போது அந்தக் காருக்குப் போகலாம். பின்பக்கம் ஒரு தட்டு மீகூன். வெல்டாவும் செய்திருந்தாள், பயத்தில். அதன் பக்கத்தில், கரி படிந்த தடித்த மூங்கில் ஒன்று, வாயில் மரவள்ளி இலை அடைத்து. உள்ளே இஞ்சியும் சேரை என்ற எலுமிச்சைப் புல்லும் போட்டு நெருப்பில் சாய்த்து வெந்த கோழி. அவள் ஊர்ச் சமையல்.

(மரவள்ளி இலை புய் லெங் வேலியிலிருந்து வந்தது. சேரை என் வீட்டுத் தொட்டியிலிருந்து. மூங்கிலுக்குள் மூவினமா என்று முகம் சுளிக்காதீர்கள், நானும் சுளித்தேன். அந்த வரியை வெட்டிப் பார்த்தேன். ஆனால் அது உண்மையிலேயே அங்கிருந்துதான் வந்தது. உண்மை சில சமயம் சுவரொட்டி மாதிரியே நடந்துகொள்கிறது.)

ரூபினா கேட்டாள்: "அம்மா, மீகூனே எடுத்துட்டுப் போலாமா? எல்லாரும் அதான் வச்சிருக்காங்க."

வெல்டா காரின் பின்கதவைச் சாத்தினாள். கையில் மூங்கில் இருந்தது.

6

மேசையில் வைத்து இலையைப் பிடுங்கினாள். ஆவி எழுந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. பிறகு மண்டபமே மரியாதையாக வேறு பக்கம் பார்த்தது. புகைப்படத்துக்கு நிற்பதுபோல் அத்தனை பேரும் சிரித்தார்கள். ரூபினா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் நொராய்னி, எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள். சத்தமாக.

"வெல்டா, தப்பா நெனக்காத. கோழி எங்க வாங்குன?"

தலைமையாசிரியை ஒலிவாங்கியிலேயே இருமிவிட்டார். தவமணி என் கையைக் கிள்ளினாள், நான்தான் கேட்டதுபோல. வெல்டா நிமிர்ந்தாள்.

"பசார்ல, காக் நொராய்னி. நீங்க ஹலால் கோழி வாங்குற அதே பாக் மான் கடதான். அவரே வெட்டிக் குடுத்தாரு. எங்க வீட்டுக் கத்தி படல."

"சட்டி?"

"சட்டி ஏது? மூங்கிலு. நேத்துதான் வெட்டுனது. இதுல யாரும் இதுக்கு முன்ன எதையும் சமைச்சதில்ல."

நொராய்னி மூங்கிலை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா ஏன் சொல்லல?"

"இத்தன நாளா நீங்க ஏன் கேக்கல?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது புய் லெங். அவளுக்கு என்ன, எதற்கும் சிரிப்பாள். அடுத்து வெல்டா, மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு. ரூபினா காலணியிலிருந்து கண்ணை எடுத்தாள். காகிதத் தட்டை முதலில் நீட்டிய கை—

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

நொராய்னியின் கை என்று எழுதினால் சுவரொட்டி. வெல்டாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். புய் லெங்கின் கை என்றால், முன்பே சொன்னேனே, நாய்ச் சாப்பாடு. பிள்ளைகள் ஓடிவந்து காலி செய்தார்கள் என்று எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் எல்லோரும் கடைசியில் பிள்ளைகளைத்தான் ஓடவிடுகிறார்கள்.

என் கையையே நீட்டிவிட நினைத்தேன். கதாநாயகன் ஆக அதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. ஆனால் புரட்டாசி சனிக்கிழமை, பக்கத்தில் தவமணி. பெருமாளைக்கூடச் சமாளிக்கலாம்.

அதனால் அந்தக் கை யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. தெரியாமல் இல்லை. ரூபினா அதைப் பார்த்தபோது அவள் முகம் என்ன ஆயிற்று என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதினால் என் கண்ணாடி மங்கிவிடும், நகைச்சுவை எழுத்தாளன் என்ற பெயரும் போய்விடும்.

ஒன்று செய்யுங்கள். இத்தனை நேரம் கதை முழுக்க வரிசையில் சும்மாதானே நின்றீர்கள்? உங்கள் கையில் ஒரு காகிதத் தட்டைக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு முன்னால் மூங்கில், வலப்பக்கம் மீகூன். வெல்டா அகப்பையை எடுத்துவிட்டாள். எதிரில் ஒரு சின்னப் பெண் உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கேட்க ஏதாவது இருந்தால் கேட்டுவிடுங்கள். அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள்.

கொஞ்சம் சீக்கிரம். உங்களுக்குப் பின்னால் நொராய்னி நிற்கிறாள்.